ஐந்தாவது புள்ளி

வட்டம் சுருங்கவில்லை. கைப்பேசித் திரையில் அது பாதித் தெருவை விழுங்கிக்கொண்டு நீலமாகத் துடித்தது. அவள் சுவரை விட்டுத் தள்ளி நின்று கையை உயர்த்திப் பிடித்தாள். இரண்டு பக்க மாடிகளுக்கும் நடுவே வானம் ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

நிற்கும் இடத்தைக் காட்டும் அந்த வட்டம் சுருங்கி ஒரு வாசலளவு ஆன பிறகே வரைபடத்தில் புள்ளி வைக்க முடியும். நோயாளி எந்த வீட்டில் தூங்குகிறாரோ அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்தபடி புள்ளி வைத்து ஏமாற்றிய ஆட்களால் வந்த ஏற்பாடு அது. காத்திருக்கும்போது யாராவது போன் செய்தால் வட்டம் மறுபடி விரிந்துவிடும். முதலிலிருந்து நிற்க வேண்டும்.

காய்ச்சல் கணக்கெடுக்கும் அந்த வேலைக்கு வந்ததிலிருந்து தெருவில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். குடியிருப்பதும் அதே தெருவில்தான்.

பக்கத்து வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து, மீதியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க யாருக்கும் காய்ச்சல் இல்ல."

"உள்ள முனகுறது யாரு?"

"எங்க வீட்டு ஆளுதான். நேத்து சாரத்துல இருந்து இறங்கும்போது முதுகு பிடிச்சுக்கிச்சு."

புள்ளியக்கா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "முதுகு பிடிச்சவருக்கு நெத்தியில எதுக்கு ஈரத்துணி?"

"புழுக்கத்துக்கு. ஏன், உன் ஆபீஸ்ல ஈரத்துணிக்கும் புள்ளி உண்டா?" சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "ஏற்கெனவே நாலு கெடக்கு. அஞ்சாவது என் வாசல்லயா விழணும்? நானும் உன் தங்கச்சியும் ஒரே தொட்டியில கை விட்டு வேலை பாக்குறோம். யோசிச்சுப் பாரு."

புள்ளியக்கா யோசித்தாள். உள்ளே அவள் புருஷன் கொத்தனாரின் முனகல் நின்று மறுபடி தொடங்கியது. 'காய்ச்சல் இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நான்கு புள்ளிவரை ஒரு தெரு மஞ்சள். ஐந்து விழுந்தால் சிவப்பு. மருந்தடிக்கும் வண்டிக்கு வழி காட்டவும், காய்ச்சல் வார்டில் எத்தனை படுக்கை வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும்தான் அந்த வரைபடத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் வரும். அந்த எண்ணைச் சொன்னால் வார்டில் இடம் கிடைக்கும். பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். போன மாதம் பின்தெரு சிவப்பானது. மருந்தடிக்கும் வண்டி வருவதற்கு முன்பே பள்ளி வேன் வருவது நின்றது. பார்சல் கொண்டுவருபவன் தெருமுனையில் நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கத்தினான். கடன் கம்பெனி அந்த முகவரிகளுக்கு இனிக் கொடுப்பதில்லை என்றது. வேறு இடத்தில் வீடு தேடியவர்களிடம் பழைய தெரு எது என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். பாட்டில் கம்பெனியில் பின்தெருப் பெண்களை கேட்டிலேயே நிறுத்தி, தெரு பச்சையானதும் வரச் சொன்னார்கள். பச்சையானதும் போனார்கள். அவர்கள் இடத்தில் வேறு பெண்கள் நின்று பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தெருவில் பாதி வீடுகளில் அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது. புள்ளியக்காவின் வீட்டிலும்.

*

தங்கை சின்னவள் வேலை முடிந்து வந்தால் முதலில் கைகளை விளக்குக்கு நேரே நீட்டிப் பார்ப்பாள். பழைய பாட்டில்களை ஊறவைக்கும் காரத்தில் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அன்றும் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னிக்கு எத்தனை பேர் தலையில கல்லப் போட்ட?"

"ஒருத்தர் தலையிலயும் இல்ல."

"பொழச்சோம். உன் விரல நெனச்சுதான் அங்க எல்லாரும் நடுங்குறாளுங்க. உன் அக்காவுக்கு ஒரு மோதிரம் வாங்கிப் போடுடி, வெரல் கனத்துச் சும்மா கெடக்கும்னு சொல்றாளுங்க."

அவள் புருஷன் தரையில் ஒரு தையல் மெஷினைப் பிரித்துப் பரப்பியிருந்தான். வீடு வீடாகப் போய் மெஷின் பழுதுபார்ப்பவன். சரியாகாதவற்றை வீட்டுக்குத் தூக்கி வருவான்.

"அக்கா, இதுல ஒரு ஊசி மாட்டித் தரேன். முதல்ல இவ வாயத் தைங்க."

"தைக்கலாம் மாப்ள. அவ்வளவு நூலுக்கு எங்க போறது?"

சின்னவள் சிரித்துக்கொண்டே காலை நீட்டி உட்கார்ந்தாள். கணுக்காலில் சிவப்பாகத் தடித்திருந்த இடத்தைச் சொறிந்தாள்.

*

சில நாள் கழித்து ஒரு காலையில் சின்னவள் எழுந்திருக்கவில்லை. நெற்றியில் கை வைத்த புள்ளியக்கா உடனே எடுத்துவிட்டாள்.

"கண்ணுக்குப் பின்னாடி யாரோ கட்டை விரல வெச்சு அமுக்குற மாதிரி இருக்குக்கா."

"எத்தன நாளா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து." அவள் பார்வை அக்காவின் கையில் இருந்தது. "போன எடுக்காத."

"எடுக்கல. கையிலதான் இருக்கு."

"அத அந்தப் பக்கம் வை."

கைப்பேசித் திரையில் வட்டம் சுருங்கி வீட்டின் மேல் அசையாமல் நின்றது. ஊரெல்லாம் காக்கவைக்கும் வட்டம்.

"பாரு, நம்ம வீடுன்னா அதுக்குக்கூட அவசரம்." சின்னவள் உதடு வெடித்திருந்தது. சிரித்தபோது வலித்திருக்க வேண்டும். "நாலு நாள் போகலன்னா புது ஆள் கணக்கு. இத்தன வருஷமா கழுவின பாட்டில எல்லாம் யாரு, பேய் கழுவிச்சா? நான் ஒருத்தி போனாலும் பரவால்ல. மொத்தத் தெருவும் உக்காந்துரும். அப்புறம் இந்தத் தெருவுல நாம தண்ணி பிடிக்க முடியுமா?"

"வார்டுல படுக்கை கெடைக்கும்டி."

"படுக்கை இங்கயும் இருக்கு. வேலைதான் வேற எங்கயும் இல்ல."

புள்ளியக்கா அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான். ஊசி ஏறி இறங்கியது. துணி இல்லை.

"ரெண்டு நாள் பாப்போம்க்கா" என்றான்.

சின்னவள் மாத்திரையை விழுங்கி, முகத்தைக் கழுவி, பக்கத்து வீட்டுக்காரியோடு வேலைக்குப் போனாள். கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்துச் சூடு பார்ப்பார்கள். தெருமுனைக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு போனால் அது ஏமாறும் என்று பெண்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

*

வாரக் கூட்டத்தில் சுகாதார அதிகாரி சுவர்த் திரையில் வரைபடத்தைப் போட்டார். ஊர் முழுவதும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் தெருக்கள். புள்ளியக்காவின் தெரு மஞ்சளாக இருந்தது.

"இந்த ஏரியா நல்லா கட்டுக்குள்ள இருக்கு" என்றார். "யார் பாக்குறது? நீயா? நல்லது."

அவள் எழுந்து நின்றாள். "சார், அங்க விழுந்திருக்குற நாலு பேரும் பாட்டில் கம்பெனிக்குப் போறவங்க. போன மாசம் பின்தெருவுல சிவப்பாச்சே, அதுலயும் பாதிப் பேரு அங்கதான்."

"தெரியும்மா. இது பகல்ல கடிக்கிற கொசு. நானும் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

"அப்ப கம்பெனிலயும் ஒண்ணு குறிச்சா..."

"அங்க ராத்திரி யாரு தூங்குறா?"

"யாரும் இல்ல சார்."

"தூங்குற எடத்துலதான் புள்ளி. யாரும் தூங்காத எடம் நம்ம மேப்ல வீடே இல்ல. நான் போட நெனச்சாலும் விழாது." அவர் சலிப்போடு பேசினார், கோபம் இல்லை. "தொழிற்சாலைக்காரங்களுக்குத் தனி மேப்பு இருக்கு. தண்ணிக்காரங்களுக்கு ஒண்ணு, கரண்டுக்காரங்களுக்கு ஒண்ணு. தொழிற்சாலை மேப்ல கொசுவுக்கு எடமில்ல, வரிக்குத்தான் எடம். ரெண்டு தடவ எழுதிப் போட்டுட்டேன். என்ன செய்யச் சொல்ற?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரையில் பாட்டில் கம்பெனி இருந்த இடம் ஒரு நிறமும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அவர் அடுத்த பகுதிக்குப் போனார்.

அவள் உட்கார்ந்தாள். தன் வீட்டில் இருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

*

காய்ச்சல் விட்டது. அன்று காலை சின்னவள் தானே எழுந்து தலை சீவிக்கொண்டாள். வயிற்றில் லேசாக வலி இருப்பதாகச் சொன்னாள். உடம்பு குளிர்ந்திருந்தது.

"பாத்தியா? உன் புள்ளி இல்லாமயே போயிருச்சு."

"இன்னிக்கு ஒரு நாள் படுத்திரு."

"போக்கா. அந்தச் சூடு பாக்குறவன இன்னிக்குத்தான் நெஞ்ச நிமித்திப் பாக்கப் போறேன்."

மதியம் கம்பெனி கேட்டிலிருந்து போன் வந்தது. புள்ளியக்கா ஓடினாள். கேட்டுக்கு வெளியே காலி மரப்பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் சின்னவளைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கோரம் ரத்தம் காய்ந்திருந்தது. கையைப் பிடித்தால் ஈரமாக, சில்லென்று இருந்தது.

கேட்காரர் வயதானவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"உள்ள ஒண்ணும் ஆகலம்மா. வெளிய வந்துதான் விழுந்தா. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

சின்னவளின் கால்களில் கம்பெனி ரப்பர் பூட்ஸ் இருந்தது. முழங்கால்வரை சோப்பு நுரை.

"அதக் கழட்டிக் குடுத்துருங்க. கணக்குல வரும்" என்றார் கேட்காரர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

புள்ளியக்கா பூட்ஸைக் கழற்றினாள். கேட்டின் கம்பிகளுக்கு அப்பால் முற்றம் முழுவதும் பாட்டில் அடுக்கிய பெட்டிகள் ஆளுயரத்துக்கு நின்றன. கூரை இல்லை. மழை பெய்து நின்றதில் ஒவ்வொரு பாட்டிலிலும் கழுத்துவரை தண்ணீர்.

மருத்துவமனையில் வார்டு வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. நடைபாதையில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. தரையில் விரித்த துணிகளில் சிலர் கிடந்தார்கள்.

"நம்பர்?"

"நம்பர் இல்ல. ஆனா நான்தான் அந்த ஏரியாவுக்கு நம்பர் போடறவ."

"அப்ப உனக்கே தெரியுமே." அவன் முகத்தில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது. "நம்பர் இல்லன்னா கம்ப்யூட்டர் படுக்கையத் தெறக்காதும்மா. சும்மா கெடந்தாலும் தெறக்காது."

அவள் கைப்பேசியை எடுத்தாள். 'நீங்கள் அந்த வீட்டில் இல்லை' என்றது. மறுபடி தொட்டாள். நீங்கள் அந்த வீட்டில் இல்லை.

சின்னவளின் புருஷன் கையில் கிரீஸோடு ஓடி வந்தான். தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இவ பக்கத்துலயே நில்லுங்க மாப்ள. நான் வீட்டு வாசலுக்குப் போய்ட்டு வரேன்."

சின்னவள் கண்ணைத் திறந்தாள்.

"வெக்கப் போறியா?"

"ஆமா."

"சாயங்கால ஷிப்டு கெளம்புறதுக்குள்ள வெச்சிடாத. அவளுங்க இன்னிக்கு ஒரு நாளாவது போகட்டும்."

*

சாயங்கால ஷிப்டுப் பெண்கள் தெருவில்தான் இருந்தார்கள். தலை பின்னிக்கொண்டும் வாசலைக் கழுவிக்கொண்டும். புள்ளியக்கா வண்டியிலிருந்து இறங்கித் தன் வீட்டு வாசலில் போய்க் கையை உயர்த்தி நின்றதும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மதியமே வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தாள்.

"அவளுக்கு எப்படி இருக்கு?"

"படுக்கை கெடைக்கல."

வட்டம் பெரிதாகத் துடித்தது.

"வேற வழியே இல்லையா?" என்றாள் ஒருத்தி. "பின்தெருவுல நின்னு வெச்சிரேன். அது ஏற்கெனவே நாறிப் போன தெருதான்."

"விழாது."

"எனக்கு மூணு புள்ளைங்க புள்ளியக்கா."

"தெரியும்."

"உன் தங்கச்சின்னதும் கை தானா வருது. கொத்தனார் அத்தன நாள் முனகினாரு. அப்ப வந்துச்சா?" என்றாள் அதே பெண்.

"அப்ப நீயுந்தானடி வெக்காதன்னு சொன்ன" என்றாள் இன்னொருத்தி அவளிடம். "கம்முனு இரு."

வட்டம் மெதுவாகச் சுருங்கியது. தெரு, நான்கு வீடு, இரண்டு வீடு, ஒரு வாசல். புள்ளியக்கா விரலை வைத்தாள்.

திரையில் தெருவின் நிறம் மாற ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அவள் எண்ணைப் பார்த்து, போன் செய்து, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். மறுமுனையில் சின்னவளின் புருஷன் ஒவ்வோர் இலக்கத்தையும் திரும்பச் சொன்னான். குமாஸ்தாவிடம் அவன் அதையே மறுபடி சொல்வது கேட்டது.

"படுக்கை குடுத்துட்டாங்கக்கா. உள்ள தள்ளிட்டுப் போறாங்க."

அவள் சுவரில் சாய்ந்தாள். பெண்கள் தங்கள் கைப்பேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எடுத்தாள், "சரிங்க" என்றாள், வைத்துவிட்டாள். பின்னிய சடையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டுக்காரி மூக்கைச் சிந்தினாள்.

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன. வா, எங்க வீட்டு ஆளுக்கும் ஒண்ணு வெச்சிரு. ரெண்டு நாளா எதக் குடுத்தாலும் வாந்தி எடுக்கறாரு."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"அதான் படுக்கை கெடைச்சிருச்சே. இவருக்கு ஒண்ணு வெச்சிட்டுப் போ. உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன்."

புள்ளியக்கா அந்த வாசலில் போய் நின்றாள். கொத்தனாரின் புள்ளி விழுந்தது. திரும்பினால் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் ஒரு பெண் சுருண்டிருந்தாள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். "நான் உங்க வாசல்ல நின்னாதான் விழும், உள்ள கொண்டு போங்க" என்றாள் புள்ளியக்கா. இத்தனை நாளாக யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்ன கதவுகள். மாடியிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் கையை உயர்த்தினாள். ஒவ்வொரு வாசலிலும் வட்டம் தெருவளவு தொடங்கியது.

சிறுமியின் வீட்டு வாசலில் வட்டம் பாதி சுருங்கியபோது சின்னவளின் புருஷன் பெயர் திரையில் வந்தது. வட்டம் விரிந்தது. சிறுமியின் அம்மா, "ஐயோ" என்றாள். புள்ளியக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டு முதலிலிருந்து நின்றாள். மறுபடி சுருங்கியது. மறுபடி அவன் பெயர். மறுபடி துண்டித்தாள்.

மூன்றாவது முறை அவன் கூப்பிடவில்லை. புள்ளி விழுந்தது. சிறுமியின் எண்ணை அவள் அம்மாவுக்குச் சொல்லி, இரண்டு முறை திரும்பச் சொல்லவைத்து, பிறகு அவனுக்குப் போன் செய்தாள்.

அவன் எடுத்தான். பின்னால் ஒரு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது.

"மாப்ள?"

"மெதுவா வாங்கக்கா" என்றான். "அவசரமில்ல."

*

மருந்தடிக்கும் வண்டி தெருவில் வந்து புகை விட்டுப் போயிற்று. பள்ளி வேன் வரவில்லை. பெண்கள் காலையில் தலை பின்னிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனாருக்கு வார்டில் படுக்கை கிடைத்தது, சிறுமிக்கும் கிடைத்தது. இருவரும் பிழைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தினமும் ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். உட்காரவில்லை.

சின்னவளின் புருஷன் மெஷினை முடுக்கி மூடி, உரியவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தான். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "அவ சாப்பாட்டு டப்பா உள்ளயே இருக்கு" என்றான்.

"இப்ப அது எதுக்கு மாப்ள?"

"எதுக்கும் இல்ல. அங்க இருக்கு."

புள்ளியக்காவும் கூடப் போனாள். கம்பெனி கேட்டில் புதுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேட்டுப் பக்கத்துப் பெண்கள். பாதிப் பேர் சின்னவளைவிட இளையவர்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டும் கிசுகிசுத்துக்கொண்டும் இருந்தார்கள். கேட்காரர் இவர்களைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"அங்கயே நில்லுங்க. கோவிச்சுக்காதீங்க. உங்க தெரு ஆளுங்கள இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஒரு டப்பாதாங்க" என்றான் அவன்.

"உள்ள சொல்றேன். யாராச்சும் கொண்டு வந்தா வாங்கிக்க."

அவர்கள் ரோட்டோரம் நின்றார்கள். கேட்காரர் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, வரிசையில் முதலில் நின்றவளைக் கேட்டார்.

"எந்தத் தெரு?"

அவள் சொன்னாள். அவர் திரையை விரலால் தள்ளித் தேடினார்.

"பச்சை. போ."

அடுத்தவள் சொன்னாள்.

"பச்சை. போ. பூட்ஸ உள்ள குடுப்பாங்க."

பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். முற்றத்தில் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகுமளவுதான் வழி. இரவு மறுபடி மழை பெய்திருந்தது. முன்னால் போனவள் தோள் பட்டு ஒரு பெட்டி அசைந்தது. எல்லாப் பாட்டில்களிலிருந்தும் தண்ணீர் தளும்பிப் பின்னால் வந்தவள்மேல் சிந்தியது. அவள் வீலென்று கத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவளும் ஈரத்தைத் துடைத்தாள். பிறகு தன் கழுத்தில் பட்டென்று ஓர் அடி அடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வரிசையோடு உள்ளே போனாள்.